டியூடர் அரச உருவப்படங்கள்: யார் படம், எப்போது வரைந்தது, யார் வரைந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டியூடர் வம்சத்து ராஜா ராணிகளை ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படங்கள் இன்றும் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஓவியர் பெயர் கிடையாது. படத்தில் இருப்பவரின் பெயர் எழுதியிருந்தால், அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. இப்படிப்பட்ட படங்களை எப்படி ஆராய்ந்து முடிவுக்கு வருகிறார்கள் என்பதுதான் இந்தப் பக்கம்.

முதலில் எதைப் பார்க்கிறார்கள்?

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். படத்தில் இருப்பது யார்? படம் எப்போது வரையப்பட்டது? வரைந்த கை யாருடையது? ஒன்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் வராது. எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலினுக்கு 1536இல் தலை போனது. லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் அவருடைய புகழ்பெற்ற படம் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வரையப்பட்டது. படத்தில் இருப்பது ஆன்தான், ஆனால் வரைந்தவர் அவரை நேரில் பார்த்தவர் இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே செய்யப்பட்டது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய உருவம் ஒன்றே ஒன்றுதான்: பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் 1534ஆம் ஆண்டு ஈயப் பதக்கம். அதிலும் மூக்கு நசுங்கிக் கிடக்கிறது.

வீட்டில் பழைய படம் வைத்திருப்பவரும் ஏலத்தில் கை தூக்கப் போகிறவரும் மூன்றாவது கேள்வியில்தான் ஆரம்பிப்பார்கள்: "இது எட்டாம் ஹென்றியின் அரசவை ஓவியர் ஹோல்பைன் வரைந்ததா?" ஆராய்ச்சியாளர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். மரமும் நிறமியும் உடையும் நகையும் "இவராக இருக்கவே முடியாது" என்று அடித்துச் சொல்லும். "இவர்தான்" என்று அடித்துச் சொல்ல அவற்றால் அநேகமாக முடியாது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

துணியில் வரையாமல் ஏன் பலகையில் வரைந்தார்கள்?

துணியிலும் வரைந்தார்கள். ஆனால் பலகை ஆடாது, அசையாது, மேற்பரப்பும் வழவழப்பாக இருக்கும். ரோமக் காலரின் ஒவ்வொரு முடியையும், சட்டை ஓரத்துத் தையலையும் மெல்லிய தூரிகையால் எழுத அதுதான் வசதி.

எந்த மரம் என்பது ஊரைப் பொறுத்தது. இத்தாலியில் பாப்லர், தென் ஜெர்மனியில் லிண்டன், நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஓக். இங்கிலாந்தில் வரைந்த படம் என்பதற்காக மரமும் அந்த ஊர் மரம் என்று நினைக்க வேண்டாம். நல்ல பலகைகள் பால்டிக் கடலின் கிழக்குப் பக்கத்துக் காடுகளிலிருந்து, இன்று கிதான்ஸ்க் என்று அழைக்கப்படும் டான்சிக் போன்ற துறைமுகங்கள் வழியாகக் கப்பலில் வந்தன. அந்தக் காட்டு ஓக் மெதுவாக வளர்ந்தது. வளையங்கள் நெருக்கம், ரேகை நேர். அதனால் பலகை அவ்வளவாக வளையாது. மரத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளந்து எடுப்பதால் ஒரு பலகை ஏறக்குறைய ஓரடி அகலத்துக்கு மேல் வருவதில்லை. பெரிய படம் என்றால் இரண்டு மூன்று பலகைகளைச் செங்குத்தாக ஒட்டிச் சேர்ப்பார்கள். அதன்மேல் சுண்ணப்பொடியை வச்சிரப் பசையில் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கிய பிறகுதான் படம் ஆரம்பமாகும்.

மர வளையங்களை வைத்து வருடத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

பலகையின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ வளையங்கள் மெல்லிய கோடுகளாக வரிசையாகத் தெரியும். நல்ல மழை பெய்த வருடத்து வளையம் அகலமாக இருக்கும், மோசமான வருடத்தது ஒடுக்கமாக இருக்கும். ஒரே பகுதியில் வளர்ந்த ஓக் மரங்களில் இந்த வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே அமையும். வருடவாரியாக ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்கும் அட்டவணையோடு படத்தின் வரிசையைப் பொருத்திப் பார்த்தால், கடைசி வளையம் எந்த வருடத்தது என்று சொல்லிவிடலாம். மரம் எந்தப் பகுதியில் வளர்ந்தது என்பதும் அதோடு கிடைக்கும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். மரத்தின் வெளிப்பகுதி, அதாவது வைரம் பாயாத வெளிர்மரம், பூச்சிக்குச் சுலபமாக இரையாகும் என்பதால் பலகை செய்பவர்கள் அதைச் சீவி எறிந்துவிடுவார்கள். ஆகவே பலகையில் இருக்கும் கடைசி வளையம் மரம் வெட்டப்பட்ட வருடம் இல்லை. பால்டிக் ஓக்குக்குக் குறைந்தது எட்டு ஒன்பது வெளிர்மர வளையங்களாவது போயிருக்கும் என்று கூட்டிக்கொள்கிறார்கள். எத்தனை போயிருக்கும் என்பதற்கு உச்சவரம்பு அவ்வளவு கறாராக இல்லை. பிறகு மரம் கப்பலேறி, காய்ந்து, தச்சரிடம் போய்ச் சேரச் சில வருடங்கள்.

உதாரணத்துக்கு, ஒரு பலகையின் கடைசி வளையம் 1540 என்று வைத்துக்கொள்வோம். 1548க்கு முன்னால் அந்த மரத்தை வெட்டியிருக்க வழியில்லை. ஹான்ஸ் ஹோல்பைன் 1543இல் லண்டனில் இறந்துவிட்டார். அந்தப் படத்தை எவ்வளவு பெரிய நிபுணர் "ஹோல்பைன் கைவண்ணம்" என்று சொல்லியிருந்தாலும் பேச்சு அத்தோடு முடிந்தது.

அப்படியென்றால், மரம் பழையது என்று தெரிந்தால் படமும் பழையதுதானே?

இல்லை. மரம் "இந்த வருடத்துக்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும். பழைய அலமாரிப் பலகையில் நூறு வருடம் கழித்தும் வரையலாம். போலி செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இன்னொன்று: இந்த முறை ஓக்குக்குக் கச்சிதமாக வேலை செய்கிறது. இத்தாலியப் பாப்லரில் வளையங்கள் மிகக் குறைவு, அதனால் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

மரமே ஓவியரைக் காட்டிக்கொடுத்த சம்பவம் உண்டா?

அதற்கு மிக நெருக்கமாக ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வாடெஸ்டன் மேனர் மாளிகையோடு தொடர்புடைய ராத்ஸ்சைல்ட் குடும்பச் சேகரிப்பில் இரண்டு பலகைப் படங்கள் இருந்தன. ஒன்று முதலாம் எலிசபெத், மற்றது சர் ஏமியஸ் பாலெட். பாலெட் அப்போது பிரான்சில் ராணியின் தூதர். (பிற்காலத்தில் ஸ்காட்லாந்து ராணி மேரிக்குக் காவலராக இருந்தவரும் இவர்தான், கெடுபிடிக்குப் பேர்போனவர்.) நிக்கோலஸ் ஹில்லியர்ட் என்ற ஓவியர் 1576 முதல் 1578 வரை பிரான்சில் இருந்தார், பாலெட்டின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஹில்லியர்டை உள்ளங்கை அளவு நுண்ணோவியங்களுக்குத்தான் உலகம் கொண்டாடுகிறது. பெரிய படங்களும் வரைந்தார் என்பது தெரிந்தாலும், எந்தப் படம் என்று கைகாட்டுவதில் இழுபறி இருந்துகொண்டே இருந்தது.

இந்த இரண்டு படங்களையும் ஆய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், பலகைகள் பிரெஞ்சு ஓக் என்று சொன்னார்கள். இங்கிலாந்தில் வழக்கமாகக் கிடைக்கும் பால்டிக் ஓக் இல்லை. அதாவது இங்கிலாந்து ராணியின் படம் பிரான்சில் தயாரான பலகையில் இருக்கிறது, பக்கத்திலேயே ராணியின் தூதர் பாலெட்டின் படம். அந்தச் சில வருடங்களில் அங்கே இருந்த ஆங்கில ஓவியர் ஹில்லியர்ட்.

இங்கே கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். பிரெஞ்சு ஓக்கில் எந்தப் பிரெஞ்சு ஓவியரும் வரைந்திருக்கலாம். மரம் மட்டும் இருந்திருந்தால் இது வெறும் ஊகம்தான். தங்க வேலை பழகிய ஒருவர் நகையை எழுதுகிற தினுசு, முகத்தைக் கையாண்ட விதம், பாலெட்டோடு இருந்த தொடர்பு எல்லாம் ஏற்கெனவே ஹில்லியர்ட் பக்கம்தான் சாய்ந்திருந்தன. மரம் வந்து அவற்றோடு சேர்ந்தது. எனக்குத் தெரிந்து, ஒரு பெயரை நோக்கி மரம் இவ்வளவு தூரம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அபூர்வம்.

எலிசபெத்தின் வேறு இரண்டு படங்களும் இதே ஓவியரோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. மார்பில் தொங்கும் பதக்கத்தை வைத்து ஒன்றுக்கு ஃபீனிக்ஸ் என்றும் மற்றதற்குப் பெலிக்கன் என்றும் பெயர். முதலாவது லண்டனில், இரண்டாவது லிவர்பூல் வாக்கர் ஆர்ட் கேலரியில். இரண்டிலும் ஒரே மரங்களிலிருந்து வெட்டிய பலகைகள் இருப்பதை 2010 வாக்கில் கண்டார்கள். ஒரே பட்டறையிலிருந்து வந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். அந்தப் பட்டறை யாருடையது என்பதை மட்டும் மரம் சொல்லவில்லை.

ஓவியர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரா?

அநேகமாக மாட்டார். போட்டிருந்தாலும் நிம்மதி இல்லை. 1550களில் வரைந்த பல ஆங்கிலப் படங்களில் 'எச்', 'இ' என்ற இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டியபடி ஒரு முத்திரை இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் வெர்ட்யூ என்ற ஆய்வாளர் அது லூகாஸ் டி ஹீரே என்ற பிளெமிஷ் ஓவியரின் குறி என்றார். அப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். முத்திரை இருக்கும் படங்களில் சில 1550ஐ ஒட்டியவை. டி ஹீரே பிறந்தது 1534 வாக்கில். பதினாறு வயதுப் பையன் கடல் தாண்டி வந்து பிரபுக்களை வரைந்தானா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 1590இல் லம்லி பிரபுவின் வீட்டுப் பொருள்களுக்கு எடுத்த பட்டியலை வைத்து, அது ஹான்ஸ் எவொர்த் என்பவரின் முத்திரை என்று 1913இல்தான் லயனல் கஸ்ட் நிலைநாட்டினார். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் 1554ஆம் ஆண்டு இங்கிலாந்து ராணி முதலாம் மேரி படம் இவர் வரைந்தது.

வெர்ட்யூ இன்னொரு இடத்திலும் சறுக்கினார். எவொர்த் 1559இல் வரைந்த ஒரு பலகையில் பருத்த ஒரு பெண்ணும் இளைஞன் ஒருவனும் நிற்கிறார்கள். எட்டாம் ஹென்றியின் தங்கை மகள் ஃபிரான்சஸ் பிராண்டனும், அவள் இரண்டாவதாக மணந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸும் என்று முடிவு கட்டினார்கள். வயதான சீமாட்டி வேலைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று ஒரு சுவையான கதையும் கூடவே பரவியது. படத்திலேயே இருவர் வயதும் எழுதியிருக்கிறது: அவளுக்கு 36, அவனுக்கு 21. ஃபிரான்சஸுக்கோ அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஸ்டோக்ஸுக்கும் நாற்பது. வயது சரியாகப் பொருந்துவது டேக்ர் சீமாட்டி மேரி நெவிலுக்கும் அவர் மகன் கிரிகரி ஃபைன்ஸுக்கும்தான். தாயையும் மகனையும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் புருஷன் பெண்டாட்டியாக்கி வைத்திருந்தார்கள்.

படத்தின் மேல் பெயரே எழுதியிருக்கிறதே, அது போதாதா?

எழுத்து எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். வார்னிஷுக்கு மேலே எழுதியிருந்தாலோ, எழுத்தின் வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தாலோ, பிறகு வந்த யாரோ சேர்த்தது. வாரிசுகள் வீட்டுச் சுவரில் இருந்த அநாமதேய முகங்களுக்கெல்லாம் கௌரவமான பெயர்களைச் சூட்டினார்கள். அதில் ராணிகளுக்குத் தனிக் கிராக்கி.

நம்பத்தக்க எழுத்தும் உண்டு. ஏழாம் ஹென்றியின் சிறு பலகைப் படம் ஒன்றின் அடியில், புனித ரோமப் பேரரசர் மாக்ஸிமிலியனின் முகவர் ஹெர்மன் ரிங்க் உத்தரவின்படி 1505 அக்டோபரில் செய்யப்பட்டது என்று குறிப்பு இருக்கிறது. பேரரசரின் மகள் மார்கரெட்டை ஹென்றிக்குப் பெண் கேட்ட நேரம் அது, மாப்பிள்ளை படம் அனுப்பியிருக்கிறார்கள். கல்யாணம் நடக்கவில்லை. எழுத்து, சரித்திரம், பிற்காலச் சொத்துப் பட்டியல் எல்லாம் ஒத்துப்போவதால் ஆள், காலம் இரண்டும் உறுதி. ஓவியர் பெயர்? இன்றும் "பெயர் தெரியாதவர்" என்றுதான் போடுகிறார்கள்.

உடையும் நகையும் ஆளை அடையாளம் காண உதவுமா?

மிகவும் உதவும், ஏமாற்றவும் செய்யும். நல்ல உதாரணம் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 1965இல் வாங்கிய ஆளுயரப் படம். எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பார் என்று அதுவரை சொல்லப்பட்டது, லேடி ஜேன் கிரே என்று மாற்றப்பட்டது. ஒன்பது நாள் ராணியாக இருந்து பதின்ம வயதிலேயே வெட்டுப்பட்ட பெண் என்பதால் ஜேன் முகம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பள்ளிப் பாடப் புத்தகங்கள் வரை போனது.

1996இல் சூசன் ஜேம்ஸ் என்ற வரலாற்றாய்வாளர் மார்பில் குத்தியிருக்கும் பதக்கத்தை எடுத்துக்கொண்டார். மேலே கிரீட வடிவம், கற்கள், கீழே தொங்கும் முத்துகள். இதே போன்ற பதக்கம் கேத்தரின் பாரின் நகைப் பட்டியலில் இருந்தது. படம் பழையபடி கேத்தரின் பார் ஆனது.

நகையை வைத்து முடிவெடுப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரச நகைகள் ஒரு ராணியிடமிருந்து அடுத்த ராணிக்குப் போகும். ஹென்றிக்கு ஆறு மனைவிகள், ஒரே பெட்டி நகை பல கழுத்தைப் பார்த்திருக்கிறது. ஆகவே நகை தனியாக நின்றால் போதாது, உடையின் காலமும் சேர வேண்டும். லாம்பெத் அரண்மனையில் தொங்கிய ஒரு படத்தைக் கேத்தரின் பார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் உடை 1520கள், 30களுக்குரியது. கேத்தரின் பார் ராணியானது 1543இல். கடைசியில் அது ஹென்றியின் முதல் மனைவி, அரகான் கேத்தரின் என்று முடிவாகி, 2013இல் ஹென்றியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள்.

ஹென்றியின் அதே முகம் ஏன் இத்தனை இடத்தில் இருக்கிறது? எல்லாம் போலியா?

போலி இல்லை, நகல். ராஜா எல்லோருக்கும் உட்கார்ந்து போஸ் கொடுக்க மாட்டார். ஒரு முறை எடுத்த முகத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்வார்கள். கோடுகளில் ஊசியால் துளையிட்டுக் கரிப்பொடி தட்டினாலோ, கரி பூசிய தாளை அடியில் வைத்து அழுத்தி வரைந்தாலோ அதே முகம் எத்தனை பலகைக்கு வேண்டுமானாலும் இறங்கும்.

ஹோல்பைன் 1537இல் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்த பெரிய ஓவியம் 1698 தீயில் போய்விட்டது. அதற்காகப் போட்ட முன்வரைவின் ஒரு பாதி, ஆளுயரத்தில், ஊசித் துளைகளோடு நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் பிழைத்திருக்கிறது. கால்களை அகட்டி நிற்கும் ஹென்றியை உலகம் தெரிந்துகொண்டது அந்தச் சுவரின் நகல்கள் வழியாகத்தான். வாக்கர் ஆர்ட் கேலரியில் உள்ள பிரமாண்டமான படம்கூட அப்படிப்பட்ட நகல்தான். ஹென்றியை ஹோல்பைன் தன் கையாலேயே பலகையில் வரைந்தது என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வது மாட்ரிட்டின் தைஸன்-போர்னெமிஸா மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 28 செ.மீ., அகலம் 20. ஒரு நோட்டுப் புத்தக அளவு.

எலிசபெத் காலத்தில் பணக்கார வீடுகளின் நீண்ட கூடங்களில் ராஜாக்கள் வரிசை ஒன்று மாட்டுவது பாணியாகிவிட்டது. ஐந்தாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்ட் என்று செட்டாகவே வாங்கினார்கள். ஏலத்துக்கு இன்று வரும் "டியூடர் ராஜா படங்கள்" பலவும் அப்படிப்பட்ட செட்டிலிருந்து பிரிந்தவை. முகம் தட்டையாக, காது கழுத்தோடு ஒட்டாமல் இருந்தால் ஓவியருக்குத் திறமை போதவில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். நகலின் நகலைப் பார்த்து, கெடுவுக்குள் ஒரு டஜன் முடித்துக் கொடுத்தவரின் வேலையாக இருக்கும்.

எக்ஸ்ரேயும் அகச்சிவப்புப் படமும் எதைக் காட்டும்?

எக்ஸ்ரே ஈயம் கலந்த வெள்ளையில் தடுக்கி நிற்கும், அதனால் முகத்தில் செய்த மாற்றங்கள் தெரியும். அகச்சிவப்பு மேல் வண்ணங்களைத் தாண்டி அடியில் கரியால் போட்ட கோடுகளைக் காட்டும். அந்தக் கோடு தயங்கித் தேடினால் ஓவியர் யோசித்து வரைந்திருக்கிறார். ஒரே கனத்தில், திருத்தமே இல்லாமல் ஓடினால் வேறெங்கிருந்தோ அச்செடுத்திருக்கிறார்.

அரச சேகரிப்பில் இருக்கும் மூன்றாம் ரிச்சர்டின் படத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, வலது தோளைப் பிற்பாடு உயர்த்தி வரைந்திருப்பது தெரிந்தது. அவரைக் கூனனாகக் காட்ட டியூடர்கள் செய்த வேலை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டினார்கள். அப்புறம் 2012இல் லெஸ்டரில் அவருடைய எலும்புக்கூடே கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, வலது தோள் உண்மையிலேயே கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும். படத்தைத் திருத்தியவருக்கு நோக்கம் கெட்டதாக இருந்திருக்கலாம், தோள் விஷயத்தில் அவர் முழுப் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று, எலிசபெத்தின் படம். கையில் பூங்கொத்து. காலப்போக்கில் வண்ணம் தேய, விரல்களுக்கு நடுவே ஒரு பாம்பின் சுருள் தெரிய ஆரம்பித்தது. முதலில் பாம்பை வரைந்து, பிறகு மனம் மாறி ரோஜாவால் மூடியிருக்கிறார்கள். அதற்கும் அடியில் எக்ஸ்ரே வேறொரு பெண்ணின் பாதியில் விட்ட படத்தைக் காட்டியது, முகம் எதிர்ப் பக்கம் திரும்பியபடி. கைவிட்ட பலகையை வீணாக்காமல் ராணியை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

எலிசபெத் ஏன் எப்போதும் சுண்ணாம்பு பூசியது போல் வெளிறி இருக்கிறார்?

பாதி பழி நிறமியைச் சேரும். பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் மங்கிவிடும். 1575 வாக்கில் வரைந்த, 'டார்ன்லி' என்று அழைக்கப்படும் எலிசபெத் படத்தில் கன்னத்துச் சிவப்பு அப்படித்தான் போயிற்று. கருஞ்சிவப்பாக இருந்த உடை வேலைப்பாடும் பழுப்பாகிவிட்டது. ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடிப் பொடியும் இப்படித்தான் சாம்பல் நிறமாகும். ஆகவே நிறத்தை வைத்து "இது இன்னாருடைய ரசனை" என்று பேசுமுன் அது அன்றைய நிறம்தானா என்று கேட்க வேண்டும்.

நிறமியை வைத்துப் போலியைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். பிரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது, டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனால் மாதிரி எடுத்த இடம் பழுதுபார்த்த இடமாக இருந்தால் நல்ல படத்துக்கும் கெட்ட பெயர் வந்துவிடும். மேற்பூச்சு எங்கெங்கே என்று முதலில் புற ஊதா ஒளியில் பார்த்துவிட வேண்டும். புதிய ஒட்டுவேலை கறுப்புத் திட்டுகளாகத் தெரியும்.

பலகையின் பின்பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

சில சமயம் முன்பக்கத்தைவிட அதிகம். கிரீடத்தோடு 'சி', 'ஆர்' என்ற எழுத்துகள் சூடு போட்டிருந்தால் படம் முதலாம் சார்லஸ் மன்னரிடம் இருந்தது. ஏல நிறுவனச் சீட்டுகள், வீட்டுப் பட்டியல் எண்கள் எல்லாம் படம் கைமாறிய கதையைச் சொல்லும். மரக்கட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தியிருந்தால் மனம் கொஞ்சம் சோரும். பலகை வளையாமலிருக்க அதை இழைத்து மெலிதாக்கி இப்படிக் கட்டம் அடித்தார்கள். பின்பக்கச் சாட்சியங்கள் எல்லாம் இழைப்புளிச் சுருளோடு போயிருக்கும். இறுக்கிப் பிடித்ததால் பலகை வெடித்தும் இருக்கும்.

ரெஸ்ட் பார்க் படத்தில் இருப்பது ஜேன் கிரேதானா?

2025 மார்ச்சில் செய்தியானது இது. பெட்ஃபோர்ட்ஷையரில் உள்ள ரெஸ்ட் பார்க் மாளிகைக்காரரான ஆன்டனி கிரே பிரபு 1701இல் ஜேன் கிரே என்று சொல்லி வாங்கிய பலகைப் படம். பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு கோர்ட்டால்டு கலைக் கழகத்தின் உதவியோடும் மர வளைய ஆய்வோடும் மறுபடி பார்த்தது.

பலகைகள் இரண்டு வெவ்வேறு பால்டிக் ஓக் மரங்களிலிருந்து வந்தவை, 1539க்கும் 1571க்கும் இடையில் பயன்பட்டவை. ஜேன் இறந்தது 1554 பிப்ரவரியில். ஆக, உயிரோடு இருந்தபோது வரைந்திருக்க வாய்ப்பு உண்டு. பின்பக்கத்தில் ஒரு சரக்குக் குறி, அதே குறி எட்டாம் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் அரச படம் ஒன்றிலும் இருக்கிறது. அகச்சிவப்பில் பார்த்தால் கைகளின் உடையும் தலையணியும் மாற்றப்பட்டிருக்கின்றன, கண்கள் முதலில் வேறு பக்கம் பார்த்திருக்கின்றன. வெள்ளைத் துணி பிறகு சேர்ந்ததாக இருக்கலாம், அதாவது முதலில் இன்னும் ஆடம்பரமாக உடுத்தியிருந்திருக்கலாம். கண், வாய், காது மூன்றையும் யாரோ கூரிய பொருளால் கீறியிருக்கிறார்கள். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 2006இல் வாங்கிய, "லேடி ஜேன்" என்று எழுதிய வேறொரு படத்திலும் கண்ணிலும் வாயிலும் கீறல் இருக்கிறது. அந்தப் பலகை அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து வரையப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், காலம் பொருந்துகிறது, கீறல் சுவாரசியமானது, 1701ஆம் ஆண்டுப் பெயரோ வாங்கியவர் கிரே குடும்பத்துக்காரர் என்பதால் கொஞ்சம் பலவீனமானது. சரக்குக் குறி மர வியாபாரியோடு சேர்ந்தது, அரண்மனையோடு சேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. மறுக்க எதுவும் கிடைக்கவில்லை என்பது வரை சரி. "ஜேனின் உண்மை முகம்" என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் அவசரப்பட்டுவிட்டன. ஆய்வு செய்தவர்களே அவ்வளவு தூரம் போகவில்லை.

ஏலப் பட்டியலில் ஓவியர் பெயருக்கு முன்னால் வரும் சொற்களை எப்படிப் படிப்பது?

பெயர் மொட்டையாக நின்றால், ஏல நிறுவனம் அவரே வரைந்தது என்று நம்புகிறது. "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் அநேகமாக முழுவதோ பாதியோ அவர் கை. "பட்டறை" என்றால் அவர் மேற்பார்வையில் நடந்திருக்கலாம். "வட்டம்" அவர் காலத்து ஆள், சிஷ்யனாக இருக்க வேண்டியதில்லை. "பின்பற்றியவர்" இன்னும் ஒரு படி தள்ளி. "பாணி" என்று வந்தால் பிற்காலத்து வேலை. "மூலத்தைப் பார்த்து" என்றால் நகல், எந்த நூற்றாண்டிலும் செய்திருக்கலாம். படி இறங்க இறங்க விலையும் இறங்கும், செங்குத்தாக. அரச படங்களில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஓவியர் யாரென்றே தெரியாவிட்டாலும் ஆளும் காலமும் உறுதியானால் நல்ல விலை போகும்.

போட்டோவைப் பார்த்து மட்டும் சொல்ல முடியுமா?

முடியாது. வேண்டாம் என்று ஒதுக்க உதவும், அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு பழைய பலகைப் படம் இருந்தால் என்ன செய்வது?

முதல் வேலை, எதுவும் செய்யாமல் இருப்பது. உருளைக்கிழங்கைத் தேய்ப்பது, ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் வேண்டாம். அடுப்பு, ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள், ஈரப்பதம் ஏறி இறங்கினால் பலகை வளைந்து வண்ணம் உரியும். சட்டத்தைக் கழற்றாமல் முன், பின், நான்கு விளிம்பு எல்லாவற்றையும் படமெடுங்கள். பாட்டன் காலத்துக் கடிதம், ரசீது இருந்தால் அதைத் தனியே பத்திரப்படுத்துங்கள். சுத்தம் செய்யும் யோசனையை ஆய்வெல்லாம் முடிந்த பிறகு, மியூசியப் பழக்கமுள்ள, பலகைப் படங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் மட்டும் பேசுங்கள்.

இவற்றை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, உள்ளே போகக் கட்டணம் இல்லை. டியூடர்கள் மேல் மாடியில் இருக்கிறார்கள். படத்துக்கு நேரே நிற்பதை விடச் சற்று ஓரமாக நின்று வெளிச்சம் சறுக்கும் கோணத்தில் பாருங்கள், பலகைகள் சேரும் கோடு செங்குத்தாக ஓடுவது தெரியும். வில்லியம் ஸ்க்ராட்ஸ் 1546இல் வரைந்த எட்வர்டு இளவரசர் படத்தைக் கட்டாயம் அப்படித்தான் பார்க்க வேண்டும். நேரே நின்றால் இழுத்துவிட்ட முகம்தான் தெரியும், பக்கவாட்டு விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால் பையன் முகம் சரியாக உட்காரும்.